அரக்கு நிறத்துக் கருடன்

உமாபதிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இந்த மனிதரைத்தான் எண்பதுகளில் ஈஜோக் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்று பறவை நிபுணர் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. விஷயம் அவர் பெண்டாட்டிக்கே தெரியாது.

அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். போகிற செம்மண் சாலையில் போக்குவரத்து விளக்கு இல்லாதது ஊர் செய்த புண்ணியம். பக்கத்து இருக்கையில் மனைவி அம்சவள்ளி, மடியில் சேலை மூட்டை. கிள்ளானில் வாங்கித் தோட்டம் தோட்டமாக விற்பாள். வழியில் ஒரு பறவை தென்பட்டால் போதும், உமாபதி லோரியை நிறுத்திவிடுவார்.

“வள்ளி, இந்த நிறத்துக்குச் சேலைக்கடையில என்ன பேரு?”

“உடம்பு கிளிப்பச்சைங்க. நெத்தி குங்குமச் சிவப்பு.”

“அப்ப குக்குறுவான்.”

கோடு, புள்ளி, கழுத்துப் பட்டை, வால் நீளம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நிறம் மட்டும் அவள் வாயிலிருந்து வர வேண்டும். அவளோ, புருஷன் தன் வியாபாரத்தை மெச்சித்தான் கேட்கிறார் என்று பூரித்துப்போவாள்.

ஒரு தீபாவளி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அரக்கு நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்சவள்ளி வந்து நின்றாள். “இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு,” என்றார் உமாபதி. பலகாரம் கொண்டுவந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஊரிலுள்ள பறவைக்கெல்லாம் நிறம் பார்க்கிறவர் கட்டின பெண்டாட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. சோறு வரும், குழம்பு வரும், சொல் வராது. லோரியில் ஏறுவதும் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் லைசென்ஸ் போகும், நிபுணர் பட்டமும் போகும் என்று அந்தப் பயந்தாங்கொள்ளி வாயை மூடிக்கொண்டார். அவள் பேசாத வீடோ அவருக்குக் கடித்துத் தின்ன வந்தது.

தை மாதம் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் தீர்த்தம் ஊற்றும்போது கருடன் வட்டமிட வேண்டும் என்பது ஐதிகம். முன்பு பக்கத்துத் தோட்டத்தில் கடல்பருந்தைக் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடலோர ஜெராம் மீன்காரர்களிடம் இன்றுவரை கேலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தலை வெள்ளை. இறக்கை செம்பழுப்பு என்றால் கருடன், சாம்பல் என்றால் கடல்பருந்து. ஆகவே, உமாபதி சொல்லாமல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோரும் கோயில் தலைவருமான நல்லசாமி உத்தரவே போட்டுவிட்டார். நிபுணருக்கு மாலை போட்டு முன்வரிசையில் நாற்காலி. பக்கத்து நாற்காலியில் அம்சவள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பறவை வந்தது. சாரத்தின் மேல் குருக்கள் குடத்தைத் தூக்கிப் பிடித்தார். மேளம் காதைப் பிளந்தது. கூட்டம் வானத்தைப் பார்க்கவில்லை, உமாபதியைப் பார்த்தது.

“சொல்லு லா உமாபதி! நல்ல நேரம் போவுது! ஐயருக்குக் கை நடுங்குது!” என்று மண்டோர் கத்தினார்.

தலை வெள்ளை என்பது தெரிந்தது. இறக்கை வெறும் மங்கல். உமாபதி பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார்.

“வள்ளி, என்ன நிறம்?”

அவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது வள்ளி. பொறந்ததுலேருந்தே தெரியாது,” என்று அவள் காதருகில் குனிந்தார். “அன்னைக்கு உன்னையப் பாத்தேன். நல்லாத்தான் பாத்தேன். நிறந்தான் தெரியல.”

அம்சவள்ளி அவர் முகத்தையே பார்த்தாள். நிறுத்தி நிறுத்திப் போன லோரிப் பயணமெல்லாம் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அரக்கு,” என்றாள். “அன்னைக்கு நான் கட்டியிருந்த அதே அரக்கு.”

“கருடன்!” என்று அலறினார் உமாபதி.

குடம் கவிழ்ந்தது. கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பறவை, அது எதுவோ, ஜெராம் பக்கம் போய்விட்டது. தீர்த்தம் தலையில் தெறித்தபோதுதான் உமாபதிக்கு உறைத்தது.

“ஏன் வள்ளி, நீ மேல பாக்கவே இல்லையே?”

“நீங்க பாத்து மட்டும் என்னத்தக் கண்டீங்க?” என்றபடி அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.