குளத்தங்கரையில் ஒரு கேள்வி

வானகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு ஒரு அண்ணன்தான் காவல். கழுத்தில் விசில், முழங்கால்வரை சுருட்டிய பேன்ட், தண்ணீரை விட்டு நகராத கண். இறங்க வருகிறவர்கள் ஷவரில் நனைந்தார்களா என்று பார்ப்பார். பிறகு எல்லோரிடமும் ஒன்று கேட்பார்: "சாப்ட்டியா?"

முதல் நாள் என்னிடமும் கேட்டார். பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. ஆனாலும் வழக்கம்போல, "ஆச்சுண்ணே, நீங்க?" என்றேன்.

"அப்ப அரைமணி நேரம் அங்க குந்து."

"ஐயோ, சும்மா சொன்னேண்ணே. இன்னும் சாப்பிடலை."

"வெறும் வயித்தோடயா வந்துகீறே? நடுவுல கிறுகிறுன்னு வந்தா இன்னா பண்ணுவே? வாழப்பழம் துன்னுட்டு வந்து குந்து. மரியாதைக்கு பதில் சொல்றதெல்லாம் வெளிய வெச்சுக்கோ நைனா. தண்ணிக்கு அது தெரியாது."

வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். கோபம்தான். ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தார். "சாப்ட்டியா?" என்றார்.

"காலையில ரெண்டு இட்லிண்ணே. மூணு மணி நேரம் ஆச்சு" என்றது என் வாய், தானாக.

அவர் பந்தியைக் காட்டினார். "அப்ப தாராளமா குதி!"