கருப்பு பிளேட்டில் என் மகள் முகம்

அச்சுத் தொழிலுக்கு, அதிலும் டிசைன் பக்கம் வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நடந்து அதிக நாளாகவில்லை. சொல்வது முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள் திருத்தம்

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் சேர்ந்த முதல் நாள், கம்பி மத்தாப்பு டப்பாவுக்கான லேபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழந்தை மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் படம். பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் டிப்ளமா முடித்து வந்த தெம்பில், போட்டோவில் இருந்த நிறத்தை அப்படியே வைத்து முடித்தேன். முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"என்னம்மா, புள்ள அடுப்படியில உருண்டுட்டு வந்த மாதிரி இருக்கு? வெளுப்பாக்கு. முகம் பளிச்சுன்னு விழுந்தாத்தான் டப்பாவக் கையில எடுப்பாக."

அவர் சொன்னதில் தொழில் நியாயமும் உண்டு. பட்டாசு டப்பா அட்டை மை உறிஞ்சும். அச்சுப் புள்ளிகள் விரியும். கம்ப்யூட்டரில் மாநிறமாகத் தெரிகிற முகம் அட்டையில் சேறு பூசினது போல விழும். அதனால் முகம் வருகிற இடத்தில் சயான் என்ற நீல மையையும் கருப்பு மையையும் குறைத்துவிடுவோம். நாள்பட்ட பிறகு யார் முகம் என்று பார்ப்பதே இல்லை. நெட்டில் எடுத்த வெளிநாட்டுக் குழந்தையானாலும், உள்ளூர் மாடலானாலும் கை தானாகக் குறைக்கும். சாமி படத்துக்குக்கூட விலக்கு கிடையாது.

2. புஸ்வாணம் போல ஒரு தலைமுடி

போன சீசனில், அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி புது ரகப் புஸ்வாணத்துக்கு லேபிள் கேட்டார். போனில் ஒரு படமும் அனுப்பினார். கருப்பினப் பாடகி ஒருத்தி. தலைமுடி சுருள் சுருளாக, முகத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாக நிற்கிறது.

"இந்த முடி புஸ்வாணம் பூத்த மாதிரியே இருக்குல்ல? முடியில இருந்து பொறி பறக்குற மாதிரி போடுங்க. பின்னாடி ராத்திரி வானம். அம்புட்டுத்தான்."

நெட்டில் கிடைக்கிற முகத்தை எடுத்து லேபிளில் போடுவது எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது முறை யோசிக்காத வழக்கம். நானும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் திறந்தேன். என் மகள் பவித்ரா அப்போதுதான் கல்லூரிவிட்டு விருதுநகரிலிருந்து பஸ்சில் வந்து இறங்கினாள்.

பவிக்கும் சுருட்டை முடி. பள்ளியில் குருவிக்கூடு என்று கூப்பிடுவார்கள். நிறத்துக்கு வைத்த பட்டப்பெயரை எழுத மனமில்லை. தினமும் எண்ணெய் வைத்து, இறுக்கி இரட்டைச் சடை போட்டு அனுப்புவேன். வாரம் ஒருமுறை கடலைமாவு தேய்ப்பேன். இதெல்லாம் அவளுக்குச் செய்கிற நல்லது என்றுதான் நினைத்தேன்.

கையில் போன் வந்தபின் அவள் பார்த்ததெல்லாம் கருப்பினப் பெண்களின் வீடியோக்கள். சுருட்டை முடியை எப்படி அலசுவது, சிக்கு எடுப்பது என்று ஒருத்தி சொல்லித்தருவாள். இன்னொருத்தி ஆடுவாள். வேறொருத்தி தாளத்துக்குத் தன் தெருவையும் தன் நிறத்தையும் பற்றிப் பேசுவாள். பவி முதலில் முடியை அவிழ்த்துவிட்டாள். பிறகு ஆட ஆரம்பித்தாள். ஆடி ரீல்ஸ் போட்டாள். நான் ஒவ்வொரு கமெண்டாகப் பயந்து பயந்து படித்தேன்.

ஒருமுறை அவர்களைப் போலத் தலை முழுக்கப் பொடிப்பொடிச் சடைகள் போட்டு ஆடினாள். அதன் கீழே அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: ஆட்டம் அருமை, ஆனால் இந்தச் சடைக்காக எங்களைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டு போடு. பவி அன்றைக்கே சடையை அவிழ்த்தாள்.

"சண்டையாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவுக சொல்றது ஞாயந்தான். அவுக சடை அவுகளுது. எனக்குன்னு ஒரு முடி இருக்குல்ல, அத மறைக்காம இருந்தாப் போதும். அவுககிட்ட நான் படிச்சதே அதுதான்."

அப்படிப்பட்டவள், என் கம்ப்யூட்டரில் அந்தப் பாடகியின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

3. பவி போட்ட கண்டிஷன்

"அம்மா, இவுக யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அண்ணாச்சி அனுப்புனாரு."

"அவுக முடிய வச்சு அவுகளக் கேலி பண்ணுனவன் எத்தன பேரு தெரியுமா? அதையெல்லாம் தாண்டி வந்தவுக. கேக்காமக் கொள்ளாம எடுத்து வெடி டப்பாவுல ஒட்டுவீகளோ? பத்தாததுக்கு வெளுத்து வேற விடுவீக."

"அப்ப நான் எங்கன போக, இந்த மாதிரி முடிக்கு?"

பவி தன் தலையைக் காட்டினாள்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? பட்டாசு டப்பா என்பது கிழித்து எறிகிற சாமான். "தீபாவளிக்கு மறுநாள் தெருவுல மிதிபட்டுக் கெடக்குமே பவி, ஒன் மூஞ்சி" என்றேன்.

"வெடிச்சு முடிச்சுட்டுத்தானம்மா கெடக்கும். சும்மாவா கெடக்கும்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஒரே ஒரு கண்டிஷன். வேற யாரு வெளுத்தாலும் போகட்டும். நீ வெளுக்காத."

சத்தியம் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சத்தியத்தைவிடப் பாரமாக இருந்தது.

ஆனால் அட்டையில் முகம் சேறாகுமே? அதற்கும் அவளே ஒரு வீடியோவைக் காட்டினாள். கருப்பினப் புகைப்படக்காரப் பெண் ஒருத்தி பேசினாள். அந்தக் காலத்தில் போட்டோ லேப்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அட்டையில் வைத்திருப்பார்களாம். அவள் முகம் சரியாக விழுகிற மாதிரி மிஷினைச் செட் பண்ணுவார்கள். அதே செட்டிங்கில் கருப்பானவர் முகம் விழுந்தால் கண்ணும் பல்லும்தான் தெரியும். குறை தோலில் இல்லை, செட்டிங்கில் இருந்தது என்றாள். பிறகு கருப்பான தோலை எப்படி ஒளியமைத்துக் கலர் சேர்ப்பது என்று செய்து காட்டினாள்.

பவி மொழிபெயர்க்க, நான் அதை எங்கள் அட்டைக்குத் தக்கபடி மாற்றினேன். முகத்தைப் பொதுவாக வெளுக்கக் கூடாது. கன்னமேட்டில் ஒளியை விட்டுவைக்க வேண்டும். சயானைக் குறைத்து, மெஜந்தா என்ற சிவப்பு மையையும் மஞ்சளையும் தாங்க விட வேண்டும். கருப்பை நிழல் விழுகிற இடத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். பல தடவை தோற்றபின் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, கிடைத்தது. தோல் தோலாகவே விழுந்திருந்தது.

"கருப்பட்டி மாதிரி எம்புட்டு அழகா..." என்று ஆரம்பித்தேன்.

"திங்குற சாமானோட ஒப்பிடாதம்மா. தோலுன்னு சொல்லு" என்றாள்.

பாடகி வேண்டாம், வேறு பெண் என்றதற்கு அண்ணாச்சி, பொறி பறந்தால் சரி என்று புரூஃபில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

4. காளிராஜ் செய்த நன்மை

லேபிள் மிஷினில் ஏறிய நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போதே காளிராஜ் ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் மிஷின் ஆப்பரேட்டர். பவியைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும்.

"யக்கா, பாத்தீகளா! நம்ம புள்ளைய எப்புடி ஆக்கிட்டேன்னு!"

முகம் சந்தன நிறத்தில் இருந்தது. புரூஃபில் சற்றுக் கருப்பாக இருந்ததாம். "நாலு ஊரு போகப்போற புள்ள, நல்லாப் போகட்டுமேன்னு கருப்பு மைய மட்டும் அந்தப் பக்கம் இறக்கி விட்டேன்க்கா." மிஷினில் இங்க் கீ என்று வரிசையாக இருக்கும். ஷீட்டின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு மை போக வேண்டும் என்பதை அதில் திருகி வைப்பார்கள். முகம் வருகிற பகுதியின் கீயை மூடியிருக்கிறான்.

அந்த ஷீட்டைப் பார்த்த நொடி என் மனசுக்குள் வந்த முதல் சொல்: அழகாக இருக்காளே.

அந்த நொடிதான் என்னை இன்னும் ஆட்டுகிறது. அவள் முடியை அவிழ்த்துவிட்டு இத்தனை காலம் ஆகியும், அந்த வீடியோவைப் பார்த்தும், புரூஃபை நானே ராப்பகலாகச் சரிசெய்தும், உள்ளுக்குள் அந்தச் சொல் தயாராக உட்கார்ந்திருந்தது.

"மிஷின நிறுத்து" என்றேன்.

"என்னக்கா?"

"நிறுத்துடா காளி."

சீசனில் மிஷினை நிறுத்துவது விளையாட்டு இல்லை. சத்தம் அடங்கியதும் பைண்டிங் பக்கமிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காளிராஜ் முகம் வாடிவிட்டது. "நான் கெட்டதாக்கா செஞ்சேன்?"

"பாசத்துலதான் செஞ்ச. நானும் பாசத்துலதான் அவளுக்குக் கடலமாவு தேச்சேன். வேண்டாம்னு சொல்லிட்டா."

முதலாளி ஓடிவந்தார். "லோடு ஏத்த அண்ணாச்சியே வந்துக்கிட்டு இருக்காரு. மக மூஞ்சி வெளுப்பா விழுந்ததுக்கா மிஷின நிறுத்துவாக? ஊரு உலகத்துல எவளாவது இதுக்கு அழுவாளா?"

"புரூஃப்ல அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட கலர் இது இல்ல சார். புரூஃப் மாதிரி ஓட்டுறதுன்னா ஓட்டுங்க. இல்லன்னா என் மக படத்தை எடுத்துருங்க." இவ்வளவு தைரியமாக நான் அங்கே பேசியதில்லை.

5. அண்ணாச்சி தேடிய பொறி

அண்ணாச்சி வந்தார். யாரிடமும் பேசாமல் ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வானம் ஏன் சாம்பலாக் கெடக்கு? பொறி எங்க?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். முகமும் ராத்திரி வானமும் ஒரே கருப்பு பிளேட்டில், அதாவது கருப்பு மைக்கான அச்சுத் தகட்டில்தான் இருக்கின்றன. முகத்துக்காகக் கருப்பை இறக்கினால் அதே பகுதியில் வானமும் வெளிறும். வெளிறிய வானத்தில் முடியிலிருந்து பறக்கும் பொன்பொறிகள் கரைந்துபோயிருந்தன.

காளிராஜ் கீயைத் திருகி மிஷினை மெதுவாக ஓட்டினான். முதல் சில ஷீட்டுகள் கழிவு. பிறகு வானம் இருண்டது. பொறி தெறித்தது. கூடவே ஷீட்டில் பவி வந்தாள்.

"இருட்டு இல்லாம வாணம் எப்புடிய்யா தெரியும்? என்கிட்டப் போயி இதக் காட்டுறீகளே" என்று முதலாளியைத் திட்டிவிட்டு, அண்ணாச்சி முதன்முறையாக அந்த முகத்தைக் கவனித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க மகளா?"

"ஆமா அண்ணாச்சி."

"கேக்கவே வேண்டாம். அப்படியே ஒங்க மூஞ்சி."

கழிவு ஷீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வெளுத்த ஷீட்டைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

6. இப்போது

சாயங்காலம் இரண்டு ஷீட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்தேன். பவி வெளுத்ததைப் பார்த்தாள். "இது யாரு, பக்கத்து வீட்டுப் புள்ளையா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன், என் மனசுக்குள் வந்த அந்தச் சொல்லையும் சேர்த்து.

"சீசன்லயா மிஷின நிறுத்துன?"

"ஆமா."

"சரி" என்றாள். நிறம் மாறாத ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

லேபிளோடு அவள் போட்ட ரீல்ஸுக்கு, சடையைப் பற்றி எழுதின அதே அமெரிக்கப் பெண் பாராட்டாகத் தீ எமோஜி ஒன்றை அனுப்பியிருந்தாள். "வெடி டப்பாவுக்குத் தீயவா அனுப்புவாக? பாத்து இருக்கச் சொல்லு" என்றேன். பவி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். முகம் சேறாக விழுந்தால் முகத்தைத் திருத்தாதீர்கள், செட்டிங்கைத் திருத்துங்கள். கருமையான முகத்தைச் சரியாக இறக்கத் தெரிந்தவருக்கு வேறெந்த வேலையும் கடினமில்லை.

அந்தப் புரூஃபைக் காளிராஜ் மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். எந்த ஆர்டர் ஏறினாலும் முதலில் அதை வைத்துத்தான் மை பார்க்கிறார்கள். புதிதாக வந்த ஆப்பரேட்டர் ஒருவரிடம் அவன் சொன்னதை நேற்று நானே கேட்டேன்.

"மொதல்ல அங்கன பவியப் பாருங்க. பெறகு கீயத் தொடுங்க."