ஒடிச்சி கட்டிய சிவப்பு நூல்

என் நாத்தனாரை எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒடிச்சி என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயரை முதலில் வைத்தவன் யார் என்று மட்டும் தெரிந்தால், அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். வில்லை ஒடிக்கிறாளாம், அதனால் ஒடிச்சியாம். என்றைக்கோ ஒடியப் போகிற வில், யாரோ ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேராக ஒடியாமல் சுவரில் ஒடியட்டும் என்று பார்க்கிறாளே, அதற்கு ஒரு பெயர் வைக்க இவர்களுக்குத் துப்பு இருந்ததா?

நாத்தனாருக்காக ஓர் அண்ணி இப்படி வரிந்து கட்டுகிறாளே என்று ஆச்சரியப்பட வேண்டாம். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. நான் மடித்து வைத்த போர்வையை மறுபடி உதறி மடிப்பாள். நல்லது கெட்டது எதுவானாலும் முகத்தில் அடித்தாற்போல் சொல்வாள். "அண்ணி, இந்தப் புடவை உங்களுக்கு எடுக்கல" என்று கடையிலேயே, விற்கிறவர் எதிரிலேயே சொன்னவள். அதெல்லாம் வேறு கணக்கு. வில் விஷயத்தில் நான் அவள் பக்கம்.

அவளுக்கு வேலை வில்வித்தைப் பயிற்சி மைதானத்தில். மைதானத்தின் ஓரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. அங்கே வாங்குகிற ஒவ்வொரு மரவில்லும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். அவள் தேர்ந்தெடுத்த வில்லின் கீழ் நுனியில் ஒரு சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போடுவாள். நூல் இல்லாத வில்லைப் பிள்ளைகள் தொடக் கூடாது. இது மைதானத்தின் சட்டம்.

ஒரு காலத்தில் அவளும் அம்பு எய்தவள்தான். பார்க்கப் பார்க்க ஆசையாக, வழவழவென்று இருந்த ஒரு வில், முழுதாக இழுத்துப் பிடித்திருந்தபோது கைக்குள்ளேயே முறிந்தது. தெறித்த துண்டு புருவத்துக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. கண் தப்பியது பெரிய விஷயம். தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வில்லைச் செய்த மனுஷன் வந்து பார்த்துவிட்டு, "நீ இழுத்த விதம் சரியில்லம்மா" என்றாராம். முகத்தில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற பெண்ணிடம்! நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளோ கட்டுப் பிரித்ததும் நேராக அந்தத் தகர அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அழகான வில் என்றால் அவளுக்குச் சந்தேகம்.

அவள் வில் பார்ப்பதை நான் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பளபளப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். வில்லைத் திருப்பி, எய்கிறவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முகத்தைப் பார்ப்பாள். அதை அவள் முதுகு என்பாள். வளைக்கும்போது இழுபட்டு விரிவது அந்த முதுகுதான். மரம் வருஷத்துக்கு ஒரு படலம் வளர்கிறதல்லவா, முதுகில் நுனி முதல் நுனி வரை ஒரே படலம் ஓட வேண்டும். நடுவில் எங்காவது உளி பட்டு அது அறுந்திருந்தால் போச்சு, அங்கேதான் பிளக்கும். பிறகு ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து முதுகு நெடுகத் தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்குப் பிறகுதான் சுவர். சுவரில் ஒரு மரத்தாங்கி, அதில் வில்லைப் படுக்க வைத்து, நாணில் கயிறு மாட்டி, கீழே இருக்கும் கப்பி வழியாக அந்தக் கயிற்றை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நின்று இழுப்பாள். கொஞ்சம் இழுத்து விடுவாள், இன்னும் கொஞ்சம் இழுத்து விடுவாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா, ஒரு பக்கம் சோம்பேறித்தனம் பண்ணி மற்றப் பக்கத்தின் தலையில் பாரத்தைக் கட்டுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். மரம் பேசுவதைக் கேட்க வேண்டுமாம்.

எங்கள் மைதானத்துக்கு இப்போது வில் செய்து தருகிறவர் வேறு ஒரு பெரியவர். வில்லுக்காரர் என்போம். அவருடைய வில்கள் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்காது. மரத்தில் கணு வந்த இடத்தில் அந்தப் படலம் மேடு தட்டிப் போகும். அவரும் அதன் போக்கிலேயே மேடாக விட்டுவிடுவார். முதுகு முழுக்க அங்கங்கே வீங்கினாற்போல் இருக்கும். என் நாத்தனாருக்கு அந்த மேடுகளைக் கண்டால் அப்படி ஒரு சந்தோஷம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மனுஷன் பொறுமையா செஞ்சிருக்கார்" என்பாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்தத் தடவை சிறு பிள்ளைகளுக்குப் புது வகுப்பு ஆரம்பம். என் மகளும் அதில் சேர்ந்திருந்தாள். வில்லுக்காரர் பிள்ளைகள் உயரத்துக்கு ஏற்ற வில்கள் செய்து கொடுத்தார். என் நாத்தனார் ஒவ்வொன்றையும் சுவரில் மாட்டிப் பார்த்து, சிவப்பு நூல் கட்டி அடுக்கி வைத்தாள். வகுப்புத் தொடங்கும் நாளில் பார்வையாளர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள் என்று மைதானத்தின் செயலாளர் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இந்த வில்கள் பட்டன. "என்ன இது, அடுப்புல வெக்கிற விறகு மாதிரி இருக்கு?" என்றாராம்.

அவளிடம் கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவள் விடுப்பில் இருந்தபோது அந்த வில்களை வண்டியில் ஏற்றி, கமுக்கமாக ஒரு தச்சரிடம் கொண்டுபோனார். கொஞ்சம் சரி பண்ணி, பாலிஷ் போட்டுக் கொடுங்கள் என்றார். அந்தத் தச்சர் வேறு யாருமில்லை. என் வீட்டுக்காரர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

என் வீட்டுக்காரர் நல்ல வேலைக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். அவர் செய்த அலமாரிக் கதவுக்குள் ஒரு தாள் நுழையாது. ஆனால் அவர் கை எப்படி என்றால், மரத்தில் ஒரு மேட்டைக் கண்டுவிட்டால் இழைப்புளியைப் போடாமல் இருக்காது. நாற்காலிக்கும் மேசைக்கும் அது சரி. பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வில்லின் முதுகையும் மட்டமாக இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கண்ணாடி போல ஆக்கிவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. தங்கைக்கும் மகளுக்கும் திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று நினைத்தாராம்!

வகுப்பு தொடங்கும் நாள் காலையில் நாங்கள் எல்லாரும் மைதானத்துக்குப் போனோம். பந்தலுக்குக் கீழே மேசை போட்டு வில்களை விசிறி மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் நேராக, தேன் நிறத்தில் மின்னியது. என் மகள் ஓடிப்போய் ஒன்றை எடுத்துக்கொண்டாள். என் நாத்தனார் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள், ஒன்றை எடுத்துத் திருப்பினாள், முதுகைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"யார் இதுல கை வெச்சது?"

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர், பல்லெல்லாம் தெரிய. "எப்படி இருக்கு? உன் நூல்ல வார்னிஷ் படக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் காகிதம் சுத்தி வெச்சேன் பாரு."

அவள் என் மகளின் கையிலிருந்த வில்லைப் பிடுங்கினாள். குழந்தை அழ ஆரம்பித்தது. செயலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, ஆளுங்க வர்ற நேரத்துல?"

"இந்த வில்லுல ஒண்ணைக்கூடப் பசங்க தொடக் கூடாது சார். எல்லாத்தையும் உள்ள எடுத்துட்டுப் போகணும்."

"நல்லா இருக்கே! நீங்கதானே பாஸ் பண்ணீங்க? உங்க நூல் இருக்குல்ல?"

"நான் பாஸ் பண்ணது இந்த வில்லை இல்ல."

"அதே மரம், அதே வில்லு. மேல கொஞ்சம் அழுக்கு எடுத்திருக்கு, அவ்வளவுதான்."

அழுக்காம்! அந்தப் பெரியவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வைத்த படலம் இவருக்கு அழுக்கு. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது எதற்கு என்றால், அவள் கட்டிய நூலையே எடுத்து அவள் வாயை அடைக்கப் பார்த்தாரே, அதற்கு. போதாததற்கு என் வீட்டுக்காரரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இத்தனை பேர் முன்னாடி என் வேலையைக் குறை சொல்றியா? மரத்தைப் பத்தி எனக்கா தெரியாது?"

"நாற்காலி மேல உட்காருவாங்க அண்ணா. இதை முகத்துக்கு நேரா வளைப்பாங்க."

அவள் அந்த வில்லை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். தாங்கியில் வைத்து, கயிற்றை மாட்டி, மறுகோடிக்குப் போனாள். "பிள்ளைங்க எவ்வளவு இழுக்கும்னு சுவத்துல கோடு போட்டிருக்கு. அதுக்கு மேல ஒரு நூலளவுகூட இழுக்க மாட்டேன்" என்றாள். பிறகு வேண்டுமென்றே ஒடித்துவிட்டாள் என்று பழி வரக் கூடாதல்லவா.

இழுத்தாள். நாண் கோடு வரை இறங்கியது. வில் அழகாக வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீங்களா?" என்று சிரித்தார் செயலாளர். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஒடிச்சிக்கே ஒடியல" என்றான் ஒருவன். எனக்கு அவனை அங்கேயே அறைந்தால் என்ன என்று இருந்தது.

அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. மறுபடி இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள். ஒரு பிள்ளை காலை வகுப்பில் எத்தனை தடவை இழுக்குமோ அப்படி நிதானமாக இழுத்துக்கொண்டே இருந்தாள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் தாங்கியிலிருந்து "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. நகத்தைச் சொடுக்கினாற்போல. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்கவே இல்லை.

என் வீட்டுக்காரருக்குக் கேட்டது. மரத்தோடு பிழைக்கிற ஆளுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போகுமா? அவர் கை தானாக நீண்டு, வாசல் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த எங்கள் மகளின் தோளைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டது.

என் நாத்தனார் இழுப்பதை நிறுத்தினாள். கயிறு கையில் தளர்ந்து கிடந்தது.

"வில்லு நல்லாத்தானே இருக்கு அண்ணா. அப்புறம் ஏன் அவளைத் தள்ளி நிக்க வெக்கிற?"

அவர் தங்கையைப் பார்த்தார். மகளின் தோளில் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரே தடவை" என்று சொல்லிவிட்டு அவள் இழுத்தாள். நாண் கோட்டைத் தொடுவதற்கு முன்பே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வில்லின் ஒரு பாதி முறிந்து பறந்து, எதிர்ச் சுவரில் மோதி, செயலாளரின் காலடியில் வந்து விழுந்தது. முறிந்த இடம் எது என்று கேட்கவே வேண்டாம். கணு மேட்டை இழைப்புளி மட்டமாக்கிய அதே இடம்.

இதற்குப் பிறகாவது அந்தச் செயலாளருக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. துண்டைக் காலால் தள்ளிவிட்டு, "வில்லுக்காரர் குடுத்த மரம் சரியில்ல போலிருக்கு. ஒண்ணுதானே போச்சு, மத்ததை வெச்சு இன்னைக்கு நிகழ்ச்சியை முடிச்சிடலாம்" என்றார். முகத்தில் கட்டோடு படுத்திருந்த பெண்ணிடம் அன்றைக்கு ஒருவர் சொன்னாரே, அதே பேச்சு. ஆள்தான் வேறு. நான் வாயைத் திறக்கப் போனேன், ஆனால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"மரம் நல்ல மரம் சார். அதைக் கெடுத்தது நான்."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே போய் வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தார். மேசை மேல் பரப்பியிருந்த வில்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் சிவப்பு நூலை அவிழ்த்துத் தங்கையின் கையில் கொடுத்தார். பிறகு, தான் கண்ணாடி போல ஆக்கி வைத்த வில்லை நடுவில் வைத்து அறுத்தார். வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செயலாளர் கத்தினார், என் வீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி வில் அறுபடும்வரை அவள் கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் தெருவெல்லாம் என்ன பேச்சு தெரியுமா? ஒடிச்சி ஆங்காரத்தில் பிள்ளைகளின் வில்லையெல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டாளாம். வகுப்பைக் கெடுத்துவிட்டாளாம். செயலாளர் வாய் கூசாமல் அப்படித்தான் சொல்லித் திரிந்தார். நான் கொதித்துப் போய் அவளிடம் கேட்டேன், "அறுத்தது உங்க அண்ணன். பழி மட்டும் உனக்கா? போய் நாலு பேர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடித்த போர்வைதான்.

"என் நூல் கட்டின வில்லு அண்ணி அது. நான் ஒடிச்சதாவே இருக்கட்டும்."

அவளுக்குப் பொறுமை இருக்கிறது. எனக்கு இல்லை. வில்லுக்காரர் மறுபடி செய்து கொடுத்தார், அதே மேடுகளோடு. அவள் மறுபடி சுவரில் மாட்டிப் பார்த்து நூல் கட்டினாள். இப்போது என் மகள் அதில்தான் எய்கிறாள். என் வீட்டுக்காரர் சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். இன்னும் தெருவில் என் காதுபட ஒடிச்சி, ஒடிச்சி என்கிறார்கள். கூப்பிடுங்கள், யார் தடுத்தார்கள்? உங்கள் பிள்ளை தினமும் இரண்டு கண்ணோடு வீடு திரும்புகிறதே, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிடுங்கள்.