தலைகீழாய்ச் சுற்றிய பம்பு

அக்கா பள்ளிப்படிப்பை முடித்த கோடையில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். அப்பாவுக்கு நாலு வருடக் கணினிப் பொறியியல்தான் வேண்டும். அக்காவுக்கோ ஐந்து வருட இயந்திரப் பொறியியல். நடுவில் ஒரு வருடம் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை.

“நீ படிக்கப் போறியா, வேலைக்குப் போறியா?” என்றார் அப்பா.

“ரெண்டுக்கும்தான்பா. கையில அனுபவம் இருந்தா நாலு இடத்துல கூப்பிடுவாங்க.”

அம்மாவும் சேர்ந்து ஒத்து ஊதியதில் அப்பா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. தொழிற்சாலையிலிருந்து திருப்பி அனுப்பினால் மறுபேச்சில்லாமல் கணினிக்கு மாறிவிட வேண்டும்.

அந்தத் தொழிற்சாலை வருடத்துக்கு அக்கா போய்ச் சேர்ந்தது பம்பு தயாரிக்கும் இடம். ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டு, தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்ப்பது வேலை. முதல் வாரமே எல்லாப் பம்பிலும் தண்ணீர் குறைவாக வந்தது. அக்கா மகாராணிபோல ஒன்றுவிடாமல் கழித்து மூலையில் தள்ளினாள். மூலை நிரம்பிய பிறகுதான் ஒயர்களைப் பார்த்தாள். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் இரண்டை அவளே இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள். அப்படிக் கொடுத்தால் பம்பு தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் வரும், மேலே ஏறாது.

நேராக ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“நீயா வந்து சொன்னதால பொழச்ச. போ, எல்லாத்தையும் திரும்ப ஓட்டு.”

அன்று வீட்டில் எண்ணெய் வாடையோடு உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வருடம் முழுக்க இதே கச்சேரிதான். அப்பா மட்டும் நாளிதழுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் எனக்கு அவள் சிரிப்புதான் கேட்கிறது.

படிப்பு முடிவதற்குள் அதே தொழிற்சாலை அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. பிறகு வேறு ஊர், பெரிய பொறுப்பு. அப்பா “நல்லது” என்பதோடு நிறுத்திக்கொண்டார். நீ எடுத்த முடிவு சரிதான் என்று அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு எங்கள் குடியிருப்பில் புதுப் பம்பு போட்டார்கள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பம்பே மட்டம், திருப்பிக் கொடுங்கள் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். அப்பா எலக்ட்ரீஷியனிடம் மெதுவாக, “ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துப் பாருப்பா” என்றார். கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது.

நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அப்பாவிடம் கொடுத்தேன்.

“எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?”

“அந்த ஒரு வருஷம் நானும்தானே உன்கூடப் படிச்சேன். நல்ல படிப்பும்மா.”

இணைப்பு போய்விட்டதோ என்று அப்பா போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.