இரண்டு தலைக்குத் தைத்த தலையணை

கோலார் தங்கச் சுரங்கத்தின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் என்னைவிடப் பேர்போனது என் தலையணைதான். கல்யாணச் சீரோடு மாமனார் வீட்டார் குடியாத்தத்திலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் வீட்டு வழக்கத்தில் புதுப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனித் தலையணை கிடையாது. ஆள் நீளத்துக்கு ஒன்றே ஒன்று தைத்து, இலவம் பஞ்சைத் திணித்து அனுப்புவார்கள். சண்டை போட்டுக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்தாலும் இரண்டு தலையும் ஒரே பஞ்சில் கிடக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஏற்பாடு செய்தவர்களுக்கு ஷிஃப்ட் என்றால் தெரியாது. நான் இரவெல்லாம் சுரங்கத்தில் கல் வாரிவிட்டுக் காலையில் வந்து விழுவேன். பெண்டாட்டி அதற்குள் எழுந்து தண்ணீருக்குப் போயிருப்பாள். தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் மட்டும் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் படுத்துக் குடித்தனம் நடத்தினேன்.

ஒரு முறை துரை பங்களாவில் கட்டிலை நகர்த்தக் கூப்பிட்டார்கள். மலாய் நாட்டில் ஈயச் சுரங்கம் பார்த்துவிட்டு வந்த துரை. அவர் கட்டிலிலும் நீளவாட்டில் ஒரு தலையணை. தலைக்கு அல்லவாம். வெக்கையில் உடம்பு கசகசக்காமல் இருக்க, கையையும் காலையும் அதன்மேல் போட்டுக் கட்டிக்கொண்டு தூங்குவாராம். அந்த ஊர்ப் பழக்கம் என்று பட்லர் சொன்னார். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன்.

"தொரசானி இல்லியா அவருக்கு?"

"சீமைல கீறாங்களாம்."

"அப்ப தலகாணியோடதான் குடித்தனமா? பரவால்ல மாமா, நீயும் தொரைக்குச் சமமாயிட்ட" என்றாள்.

எங்கள் வீட்டு மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் டிரில் மெஷின்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், தனி ஆள். கல் தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டு வேலையை விட்டு நின்றிருந்தார். படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தால் கண் சொருகும்போது தலை தொங்கி விழித்துக்கொள்வார். இருமல்கூட அவருக்குப் பெரிதில்லை, தூக்கம்தான் வேண்டும். "ஒரு மணி நேரம் தூங்கினா போதும்டா" என்பார், யாரோ அதை ஒளித்துவைத்திருப்பது போல.

நான் சும்மா இருப்பேனா? தூதுவளைக் கஷாயம் வைத்தேன், தீய்ந்தது. எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தேன், கண்ணெல்லாம் எரிந்தது.

"டேய், இருமல தாங்கிக்கலாம்டா. உன் வைத்தியத்ததான் தாங்க முடியல" என்றார்.

ஒரு மத்தியானம் கண் விழித்தபோது என் தலை தரையில் கிடந்தது. பெண்டாட்டி தலையணையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், சீர் தலகாணிடி! உங்க நைனா கேட்டா இன்னா சொல்றது?"

"நாம ரெண்டு பேரும் அதுல என்னிக்கி சேந்து படுத்தோம், சொல்லு பாக்கலாம்?"

பின்னாலேயே டிரில்காரர் வீட்டுக்குப் போனேன்.

தலையணையை நிமிர்த்தித் தட்டியில் சாத்தி அவரைச் சாயவைத்தோம். தட்டி வளைந்தது, அவர் சரிந்தார். துணி மூட்டையை முட்டுக் கொடுத்தோம், மூட்டை நகர்ந்தது. அவருக்கு மூச்சு இளைத்தது. செய்வதறியாமல் நானே தலையணைக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தேன். நடுவில் பஞ்சு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் இருமும்போதெல்லாம் என் முதுகெலும்பில் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது.

"டேய், சொவரு ஆடுதுடா."

"சொவருக்கு அரிக்குதுண்ணே."

அன்றிலிருந்து என் தூக்கம் முடிந்ததும் அவருக்குச் சுவராவது என் வேலையாயிற்று. கொஞ்சம் கண் சொருகும், இருமல் வந்து எழுப்பிவிடும். அவ்வளவுதான். அந்த நெஞ்சுக்குள் கையை விட்டு ஒரு பிடி தூசியையாவது வாரிப்போட முடிந்திருந்தால் தேவலை. நான் கல் வாரத் தெரிந்தவன், பாருங்கள்.

ஒரு சாயங்காலம் இருமல் நின்றது. பாரம் முழுவதும் என்மேல் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் அவர் விழுந்துவிடுவார். வாசலில் நின்ற பெண்டாட்டிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் வந்து அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தூங்குறாரு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அப்போதுதான் ஷிஃப்ட் சங்கு ஊதியது. நான் போகாவிட்டால் மேஸ்திரி வேறொருத்தனைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்றிவிடுவார். நாளைக்கும் அந்த இடம் எனக்கு இருக்குமா என்பது அவர் மனசைப் பொறுத்தது.

"நான் ஒக்காரவா?" என்றாள் காதோரம்.

"மாறுறப்ப முழிச்சிக்கினா?"

அவள் போய்க் களிச்சட்டியை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். உருட்டி என் வாயில் வைத்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று கோலார்க்காரர்கள் எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. மென்றால் முதுகு ஆடும்.