பூஜையில் இருந்த என் ஸ்பேனர்கள்

தேவராஜ மொஹல்லாவில் ஒரே பட்டறையில் நாங்கள் இருவர் மெக்கானிக்குகள். தையல் மெஷின், கிராமபோன், தண்ணீர் பம்பு, எதுவானாலும் ஆள் வந்து கூப்பிட்டால் போக வேண்டும். புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் முதலாளி மற்றவனைத்தான் அனுப்புவார். எனக்கு வயிறு எரியும். அவனைவிட நான் எதில் குறைந்துபோனேன்?

மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டிகள் மைசூருக்கு வரத் தொடங்கிய சமயம் அது. "அதைப் பழக ஒருத்தனை பம்பாய்க்கு அனுப்பணும். முதல் பெட்டியை எவன் சரி பண்றானோ அவன் போகட்டும்" என்றார் முதலாளி. நான் அப்போதே மனதிற்குள் ரயிலேறிவிட்டேன்.

அழைப்பு வந்ததோ ஆயுத பூஜையன்று! என் ஸ்பேனர்களெல்லாம் சந்தனப் பொட்டுடன் சாமி படத்தின் முன்னால் இருந்தன. விஜயதசமி வரை தொடக்கூடாது. அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அவன் சாமான்கள் பைக்குள்ளேயே இருந்தன.

"உனக்கென்னப்பா, கொடுத்து வெச்சவன்!" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அவன் பின்னால் போனேன்.

ஒரு வக்கீல் வீடு. காலையில் பூஜை போட்டு முதன்முதலாகப் பற்றவைத்த பெட்டி, மத்தியானமாகியும் குளிரவில்லை. அறையெல்லாம் புகை. அப்படியொரு பெட்டியை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

"என்ன மாராயா இது, நெருப்பு வெச்சா ஜில்லுனு ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் தரையில் படுத்தான். திரியைத் துடைத்தான், பர்னரைக் கழற்றி மாட்டினான். சுடர் மஞ்சளாகவே புகைந்தது. அவன் தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் சாமியிடம் மட்டுமல்ல, அவன் சாமியிடமும்!

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. பூஜை போட்டார்கள் என்றால் பூ எங்கே? சுவரை ஒட்டியிருந்த பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். புகை போகும் குழாயின் வாயில் கொத்தாகச் செவ்வந்தி, நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

"இதோ! மூச்சு விட வழியில்லையே இதுக்கு!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டினேன்.

"ஐயையோ, தொடாதே!" வக்கீல் வீட்டம்மா ஓடி வந்தார். "நாளைக்குப் புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாது. பூஜை பண்றவன், உனக்குமா தெரியாது?" பிறகு அவனிடம் திரும்பி, "நீ வேதக்காரன்தானே? உனக்கு தோஷம் கிடையாது. நீ எடுத்துடுப்பா" என்றார்.

அவன் எடுத்தான். சுடர் நீலமானது. சாயங்காலம் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்த அம்மா, "கைராசிக்காரன்!" என்றார். என்னையல்ல.

"கண்டுபிடிச்சது இவன்தாங்க" என்று அவன் முதலாளியிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தப் பாவி மறைத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன். "அந்தம்மா உன் கையைத்தானே சொல்றாங்க" என்று முதலாளி அவனையே பம்பாய்க்கு அனுப்பினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்பேனரை மட்டும் சாமி முன் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் அவனைத்தான் கேட்டார்கள்.