எட்டு நிமிடம், பதினோரு தப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டே நிமிடத்தில் பதினோரு தப்பு செய்தேன்.

எண்ணியது நானில்லை. பக்கத்தில் பேப்பரும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். என்னோடு படிக்கிறவர். ஆமாம், படிக்கிறேன்... ஐம்பத்தெட்டு வயதில். விருதுநகரில் ஞாயிறு மட்டும் நடக்கிற கவுன்சலிங் அடிப்படைப் பயிற்சி. ஆறு மாதம்.

பருப்புக் கடையை மகனிடம் விட்டாயிற்று. சும்மா இருக்கிற நேரத்தில் எதையாவது படிப்போமே என்று சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால், இது எனக்குத் தெரிந்த வேலை என்ற நினைப்பு. முப்பது வருஷம் துவரம்பருப்போடு யோசனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவன். பத்திரிகைக்கு எழுதுகிற இந்தப் பத்தியிலும் வாராவாரம் கடைசி வரியில் உங்களுக்கு ஒரு புத்திமதி வைக்கிறேன். நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள்.

என் மனைவிக்குத்தான் சந்தேகம். "நீங்க அடுத்தவுக பேசுறதைக் கேக்கப் போறீகளா? நான் பேசுறதையே இதுவரைக்கும் முழுசாக் கேட்டதில்லையே" என்றாள்.

வகுப்பு எடுக்கிற மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். யோசனை சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லி வாயை அடைக்கக் கூடாது. 'எனக்கும் இப்படித்தான்' என்று நம் கதையை ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் என்னதான் செய்வது? கேட்கணும் – அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஆறு மாதம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பயிற்சி மூன்று மூன்று பேராக, எட்டு எட்டு நிமிடம். ஒருவர் பேசணும். ஒருவர் கேட்கணும். மூன்றாமவர், கேட்கிறவர் செய்கிற தப்பையெல்லாம் கோடு போட்டுக் குறிக்கணும். அன்று கேட்கிறவன் நான். பேச உட்கார்ந்தவர் முத்துச்செல்வி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெடி விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பேசுவதற்காக, ஊர் மகளிர் குழு அவரை இந்தப் படிப்புக்கு அனுப்பியிருந்தது. சின்னக் கவலையாக ஒன்றைச் சொன்னால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். செல்வியிடம் சின்னதாக எதுவும் இல்லை போலிருக்கிறது.

"எங்க குழு முதல்ல போகச் சொல்றது பொன்னுத்தாயி வீட்டுக்கு. அந்த வீட்டுக்கு மட்டும் என்னால போக முடியல பாய். தெருவையே சுத்திக்கிட்டுப் போறேன்" என்றார்.

பொன்னுத்தாய் அவருடைய சிநேகிதி. ஒரே தெரு, ஒரே கம்பெனி வேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, செல்வி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடனுக்குப் போக வேண்டியிருந்தது. தீபாவளி சீசன். லோடு போகணும், லீவு கிடையாது என்றிருக்கிறார்கள். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேர் உட்காரணும். ஒரு இடம் காலியாக இருந்தால் வேலை நகராது. "என் இடத்துல ஒரு நாள் உக்காருடி" என்று பேக்கிங்கில் இருந்த பொன்னுத்தாயிடம் கேட்டுவிட்டுப் போனார் செல்வி. அன்றைக்கு அந்த ரூம் வெடித்தது.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா?

"அழாதீங்கம்மா" என்றேன். சிவப்புப் பேனா ஒரு கோடு போட்டது. "இதுல உங்க தப்பு என்ன இருக்கு?" என்றேன். இன்னொரு கோடு. "எங்க சொந்தத்துலயும் இப்படித்தான் ஒருத்தர்..." கோடு. இப்படியே போய்க் கடைசியில், ஒரு பாய் வாயால் சொன்னால் கூடுதல் மதிப்பு என்று நினைத்தேனோ என்னவோ, "அந்த மாரியாத்தாதான் உங்களைக் கூப்பிட்டுக் காப்பாத்தியிருக்கா" என்றேன்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நீங்களும் அதையே சொல்லிட்டீகளா பாய்? ஊரே அதத்தான் சொல்லுது. அப்ப அவளை மட்டும் ஆத்தா ஏன் விட்டா?"

இன்னும் மூன்று நிமிடம் மீதி இருந்தது. அவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் நாம் யாரும் சும்மா திரும்புவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஏதாவது ஒரு வார்த்தையை வைத்துவிட்டுத்தான் வருவோம். அது யாருக்காக? அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார நமக்குத் தெம்பில்லை. கிளம்புவதற்கு ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. நான் அன்று சொன்ன பதினொன்றும் எனக்காகச் சொன்னதுதான்.

அடுத்த ஞாயிறு செல்வியிடம் நானே போய் நின்றேன். "இன்னொரு தடவை என்கிட்ட பேசுவீகளாம்மா?" கொஞ்சம் யோசித்தார். பிறகு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டரும் பேனாவோடு வந்துவிட்டார்.

இந்தத் தடவை நான் பேசவில்லை. செல்வியும் பேசவில்லை. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... எனக்கு நாக்கு அரித்தது. எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் படித்து முடித்தேன்.

"பொட்டலம் இன்னும் வீட்டுலதான் இருக்கு பாய்" என்றார் செல்வி.

"பொட்டலமா?" மேடம் சொல்லிக் கொடுத்தபடி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பிக் கேட்டேன்.

"பொன்னுத்தாயிக்கு வாங்குன திருநீறு. எனக்கும் மறக்காமக் கொண்டு வாடின்னு சொல்லிவிட்டா. மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வரும்போதுதான் போன் வந்துச்சு. ரெண்டு வருசமா அரிசி டப்பாவுக்குப் பின்னாடி கெடக்கு. தூரப் போடவும் முடியல, எடுத்துப் பூசவும் முடியல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல பாய். யாரு சொல்ல விட்டாக?"

அப்புறம் கேட்டார்: "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

என்னிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? மூன்று யோசனைகள் வரிசையில் வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினேன். "உங்க மனசுல என்ன தோணுதும்மா?" என்றேன்.

"அது அவளுது. அவ வீட்டுக்குத்தான போகணும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அன்று ஹெட்மாஸ்டர் பேப்பரில் ஒரே ஒரு கோடு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்காம். அது தப்பா என்று மேடத்திடம் போய்க் கேட்டோம். இல்லை என்று சொல்லிக் கோட்டை அடித்துவிட்டார்.

இந்த ஞாயிறு செல்வி வகுப்புக்கு லேட்டாக வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. முந்தின நாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது பொன்னுத்தாயின் அம்மா. படித்ததெல்லாம் மறந்துபோய், ஒரு வார்த்தையும் வராமல், பொட்டலத்தை மட்டும் நீட்டியிருக்கிறார்.

"இருக்கன்குடித் திருநீறான்னு கேட்டாக. தலைய மட்டும் ஆட்டுனேன். பிரிச்சு மக போட்டோவுக்குப் பூசுனாக. அவுக பூசிக்கிட்டாக. எனக்கும் பூசிவிட்டாக. பெறகு, 'இதக் கொண்டாந்து குடுக்க ஒனக்கு ரெண்டு வருசமாடி? இந்தத் தெருவுல அவளைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா'ன்னு வஞ்சாக பாய். ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். நாளைக்கும் வரச் சொல்லியிருக்காக."

இதைச் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி நம்ப மறுக்கிறாள்.

ஒருவர் நம்பிச் சொன்னதை எழுதலாமா? கூடாது. அதையும்தான் படித்தோம். அதனால் செல்வியிடமே கேட்டேன். "எழுதுங்க பாய். எங்க ரெண்டு பேரு பேரையும் மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். பெஞ்சிலிருந்து எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"கடைசியில வழக்கம்போல புத்திமதி எதுவும் சொல்லிராதீக."

சரிம்மா.